மேல் கட்டத்தில் யார் பெயர்?

அத்தியாயம் 7

அன்று காலை குமாரபாளையம் ‘ஒற்றை மயில்’ துண்டுக் கம்பெனியின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

மேசைக்குப் பின்னால், முதுகில் துண்டு விரித்த சுழல் நாற்காலியில், முதலாளி சுவாமிநாதன். அவருக்கு இடப்புறம், கம்ப்யூட்டரை ஒட்டி, அவருடைய ஒரே மகள் அகல்யா. வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் அவள் பொறுப்பு. எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி மாடியில் பலகை மாட்டித் தொழில் செய்யும் துப்பறிவாளர் தமிழ்ச்செல்வி. அவளுக்குப் பின்னால், ஒரு கால் குட்டையான ஸ்டூலில், அவளுடைய உதவியாளன் மாதேஷ். கதவோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், துண்டுப் பண்டல் ஒன்றின் மேல் சரிதா.

சரிதாவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. போன வாரம் வரை அவள் உட்கார்ந்து மெயில் பார்த்த நாற்காலியில்தான் இப்போது அகல்யா இருந்தாள்.

மேசை மேல் மூன்று பொருள்கள். சரிதாவின் கைப்பேசி; “ஆரும் தொடக்கூடாது” என்று சுவாமிநாதன் அதை வாங்கி, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை மேலே ஏற்றியிருந்தார். அடுத்து ஒரு கொரியர் பார்சல். மூன்றாவது, போலீஸ் இன்ஸ்பெக்டர் பெயர் எழுதிய, இன்னும் ஒட்டாத ஒரு கவர்.

சாயங்காலத்துக்குள் உண்மை தெரியாவிட்டால் கவர் ஒட்டப்படும். சரிதா, கம்பெனி ரகசியத்தை விற்றவள் என்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். இதுதான் அகல்யா தன் அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கித் தந்திருந்த கெடு.

விஷயம் இவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து யார் துண்டு விலை கேட்டு எழுதினாலும், இவர்கள் பதில் போடுவதற்குள் அக்கரையில், பவானியில், ‘ரெட்டை மயில்’ கம்பெனி கொஞ்சம் குறைத்து விலை சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. ரெட்டை மயில் முதலாளி தங்கமுத்து, சுவாமிநாதனின் கூடப்பிறந்த தம்பி. ஒரே கம்பெனியாக இருந்ததை அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது தறிக்கூடம் அண்ணனுக்கு, பெயர் தம்பிக்கு என்று ஆனது. அண்ணன் ஒரு மயிலைக் கழித்துவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொண்டார். சரிதாவின் புருஷன் தங்கமுத்துவின் தறிக்கூடத்தில் மெக்கானிக். போதாதா?

“போதும்” என்றுதான் சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மாதேஷும் நினைத்தான். “இதுக்கு எதுக்கு மேடம் துப்பறியணும்? புருஷன் அந்தப் பக்கம், பொண்டாட்டி இந்தப் பக்கம். நடுவுல காவிரி ஆறு மட்டும்தான் நேர்மையா ஓடுது” என்று சொல்லி ஒரு முறைப்பு வாங்கியிருந்தான்.

“இந்தப் பார்சல் என்னங்க?” என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

சுவாமிநாதனுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் தேவையில்லை. இப்போது காரணமும் கிடைத்தது. “அந்தக் கொடுமைய ஏனுங்க கேக்கறீங்க! சாம்பிள் துண்டு, மும்பைக்கு அனுப்புனேன். எங்கைப்பட ஸ்லிப் எழுதினேன். கொரியர்காரன் ஒரு வாரம் சுத்தவுட்டு எனக்கே கொண்டாந்து குடுத்துக் கையெழுத்துக் கேக்கறான். எல்லாம் கிறுக்கனுங்க!”

“நல்லவேளை, மும்பைக்காரர் கையெழுத்தை அவன் இங்க வந்து கேக்கல” என்றான் மாதேஷ். யாரும் சிரிக்கவில்லை.

தமிழ்ச்செல்வி பார்சலைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த ஸ்லிப்பைப் பார்த்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. “அழகா எழுதறீங்க” என்றாள்.

அவர் முகம் சற்று மலர்ந்தது. “போர்டு ஸ்கூலுங்க. கடுதாசி எழுதறதுல ஒரு மொறை இருக்குது. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். ஒண்ணு மாறுனா எங்க வாத்தியார் முட்டிக்கால் போடச் சொல்லிருவாரு. இந்தக் காலத்துப் புள்ளைங்க மெயில்ல ‘ஹாய்’னு ஆரம்பிக்குதுங்க. அதான் பொழப்பு இப்படிப் போகுது.”

தமிழ்ச்செல்வி பார்சலைக் கீழே வைத்தாள். “மாதேஷ், ஒட்டகத்தை அவுத்து விடு.”

ஒட்டகம் என்பது அவன் எழுதிய பொய் மெயில். துபாய் ஓட்டல் ஒன்றின் மேலாளர் எழுதுவதாக ஒரு புது முகவரியிலிருந்து, ஓரத்தில் ஒட்டகம் வரிசையாக நடக்கிற பச்சைக் குளியல் துண்டு வேண்டும், விலை என்ன என்று கேட்டிருந்தான். ஒற்றை மயிலின் ஆர்டர் முகவரிக்கு மட்டும் அதை அனுப்பினான்.

அகல்யாவின் திரையில் மெயில் வந்து விழுந்தது. “வந்திருச்சுங்க” என்றாள். “யாரும் தொடலீங்க. நானும் தொடல.”

காத்திருந்தார்கள். தறிக்கூடத்தின் கடகடப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. தேநீர் வந்தது. சரிதா வேண்டாம் என்று தலையசைத்தாள். மாதேஷ் இரண்டாவது மடக்குக் குடிப்பதற்குள் அவன் கைப்பேசி முனகியது.

அவன் படித்தான். திரும்பவும் படித்தான்.

“மேடம், ரெட்டை மயில்ல இருந்து பதில் வந்திருக்கு. ‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களே, ஒட்டக பார்டர் எங்கள் தனிச்சிறப்பு’ங்கறாங்க.” அவன் குரல் உயர்ந்தது. “தனிச்சிறப்பாம்! அந்த ஒட்டகத்தை நான் யோசிச்சதே பஸ்ல சங்ககிரி தாண்டினதுக்கு அப்புறம்தான்!”

சரிதா முதல்முறையாக வாய் திறந்தாள். “இப்பவாச்சும் நம்புவீங்களா முதலாளிங்க? எம் போன் உங்க மேசைல இருக்குது. நான் இந்தப் பண்டல் மேல உக்காந்திருக்கறேன்.”

“நீ இங்க உக்காந்திருந்தா என்ன? மிஷினுக்குள்ள என்னத்தையோ வெச்சுட்டுப் போயிருக்கற. அது தானா அனுப்புது!”

“நானும் அதத்தான் சொல்றேன்” என்றாள் தமிழ்ச்செல்வி. “மெயில் செர்வர்ல திசை திருப்பறதுன்னு ஒண்ணு இருக்குங்க. ஒரு முகவரிக்கு வர்ற மெயிலை அதுவே இன்னொரு முகவரிக்குத் தள்ளிவிடும். ‘நகல் இங்கயும் இருக்கட்டும்’னு ஒரு டிக் போட்டுட்டா, வர்றது வந்தபடி வரும், போறது யாருக்கும் தெரியாது. வெச்சது யாருன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல செர்வரைத் திறப்போம். பாஸ்வேர்டு?”

அகல்யா அப்பாவைப் பார்த்தாள்.

“செர்வர் பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லீங்க” என்றாள் அகல்யா. “மெயில் பாஸ்வேர்டுதான் இருக்குது. பாகம் பிரிச்சப்போ ரெண்டு கம்பெனி மெயிலும் ஒரே செர்வர்ல இருந்துச்சு, அதை அப்பா பாத்துக்கிட்டாருங்க.”

“எனக்கு மறந்து போச்சு” என்றார் சுவாமிநாதன். “அதையெல்லாம் இப்ப எதுக்குத் திறந்துக்கிட்டு? புகார் குடுத்தா போலீஸ்காரங்க திறக்கட்டும்.”

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் மாதேஷுக்குப் பல நாள் கழித்தும் காது மடல் சூடாகும். செர்வர்க் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். இசை வந்தது. அவனுடைய அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி இசை. அந்தப் பெண் அதையே எத்தனை முறை சொன்னாளோ, கடைசியில் மாதேஷே “எனக்கும் உங்க அழைப்பு முக்கியம்தான் தாயி, எடுங்க” என்று கத்திவிட்டான்.

“நவீன்குமார் பேசறேன் சார், சொல்லுங்க.”

சொன்னான்.

“புகார் டிக்கெட் ஒண்ணு போட்டுருங்க சார்.”

“எங்க போடணும்?”

“உள்ள நுழைஞ்சு, உதவின்னு இருக்கும் பாருங்க...”

“தம்பி, உள்ள நுழைய முடியலன்னுதான் கூப்பிடறேன். பூட்டின ஊட்டுக்குச் சாவி கேட்டா, உள்ள வந்து வாங்கிக்கன்னா எப்படி?”

“அப்ப ‘பாஸ்வேர்டு மறந்துட்டேன்’னு குடுங்க சார். பதிவு செஞ்ச நம்பருக்கு ஓடிபி வரும்.”

பதிவு செய்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் தெரிந்தன. அகல்யா அடையாளம் கண்டுவிட்டாள். “இது பழைய கம்பெனி நம்பருங்க. பட்டன் போன்ல இருந்துச்சு.”

“அது தொலஞ்சு போச்சு” என்றார் சுவாமிநாதன் அவசரமாக.

“எங்கப்பா தொலஞ்சுது? நம்ம தறிக்கூடத்து வீரண்ணன்தான் பாட்டுக் கேக்கறதுக்கு வெச்சிருக்கறாரு. நீங்கதானே குடுத்தீங்க?”

சுவாமிநாதன் மின்விசிறியைப் பார்த்தார். தமிழ்ச்செல்வி சுவாமிநாதனைப் பார்த்தாள். மாதேஷ் இதையெல்லாம் கவனிக்க நேரமில்லாமல் தறிக்கூடத்துக்கு ஓடினான்.

உள்ளே விசைத்தறிகள் வரிசை கட்டிப் போட்ட சத்தத்தில் அவனுடைய “வீரண்ணா” அவனுக்கே கேட்கவில்லை. பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினான். கடைசித் தறிக்குப் பக்கத்தில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார் வீரன். சட்டைப் பையில் பட்டன் போன்; அந்தச் சத்தத்திலும் அது பாடிக்கொண்டிருந்தது. யாருக்காகப் பாடியதோ.

“ஓடிபி வந்துச்சாங்கண்ணா?”

“ஆரு வந்தது?”

“ஓடிபி! நம்பர்! மெசேஜ்!”

“மெசேஜா? அதுல மெசேஜு வாரதே இல்ல சாமி. ரொம்ப நாளாவே இல்ல. நிம்மதியா இருக்கறேன்.”

மாதேஷ் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். மெசேஜ் பெட்டி நிரம்பி வழிந்தது. பழையவற்றை அழித்தால்தான் புதியது வருமாம். ரீசார்ஜ் விளம்பரம், லோன் வேண்டுமா விளம்பரம், மறுபடி ரீசார்ஜ். ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொன்றுக்கும் ‘நிச்சயமாகவா?’ என்று அந்தப் போன் கேட்டது. “நிச்சயமாடா, எங்கப்பன் மேல சத்தியமா” என்று பட்டனை அமுக்கினான். இடம் கிடைத்ததும் ஓடிபி வந்தது. அலுவலகத்துக்கு ஓடினான். திரை, நேரம் முடிந்துவிட்டது என்றது. மறுபடி கேட்டார்கள். வந்தது. எண்களை அவன் சொல்ல, அகல்யா தட்டினாள். அவசரத்தில் ஒரு எண் தவறியது.

“ஒரே மூச்சுல சொல்லாதீங்க, நிறுத்திச் சொல்லுங்க!” என்று அகல்யா அழாத குறையாகச் சொன்னாள்.

“நிறுத்தினா நேரம் முடியுதுங்க, ஓட்டினா நம்பர் தப்புதுங்க. நான் என்னதாங்க பண்றது?”

“மூச்சு விடு” என்றாள் தமிழ்ச்செல்வி.

மூன்றாவது தடவை செர்வரின் கதவு திறந்தது.

திசை திருப்பல் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஒற்றை மயில் ஆர்டர் முகவரி, ஒரு அம்புக்குறி, ரெட்டை மயில் ஆர்டர் முகவரி. பக்கத்தில் நகலுக்கான டிக். யார் வைத்தார்கள், என்றைக்கு வைத்தார்கள் என்று அதில் ஒன்றுமே இல்லை.

இவ்வளவு அலைந்து கிடைத்தது வெறும் அம்புக்குறி. மாதேஷ் ஸ்டூலில் உட்கார்ந்தான். அது குட்டைக் கால் பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தீங்களா!” சுவாமிநாதன் மேசையைத் தட்டினார். “நம்ம மெயிலு நேரா அவனுக்குப் போகுது. இவதான் வெச்சிருக்கறா. புருஷன் சொல்லியிருப்பான், இவ செஞ்சிருப்பா. அம்மிணி, அந்தப் பசையை எடு. கவரை ஒட்டலாம்.”

அகல்யா பசை டப்பாவைத் தொடவில்லை. ஆனால் அவள் பார்வையும் சரிதா பக்கம் போய், தயங்கி, கீழே இறங்கியது. சரிதா அதைக் கவனித்தாள். முதலாளி திட்டியபோதெல்லாம் கல்லாக இருந்தவள், அந்த ஒரு பார்வைக்கு முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அக்கா, நீங்களுமா?”

மாதேஷுக்கு எதையாவது எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. முகவரி கிடைத்தது, வழி கிடைத்தது. ஆள் மட்டும் இல்லை. இருக்கிற ஒரே ஆளாக இந்தப் பெண்தான் பண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ‘மேடம், ஏதாவது சொல்லுங்க’ என்று மனதுக்குள் கெஞ்சினான்.

தமிழ்ச்செல்வி சொன்னது அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயா சொல்றது சரிதான். புகார் குடுக்கறதுக்கு முன்னால இன்னொரு காரியம் செஞ்சுருங்க. சரிதாவுக்கு ஆபீஸ் முகவரி ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு யார் யார் எழுதறாங்கன்னு உங்களுக்குத் தெரியணும். அந்த முகவரிக்கு வர்றதெல்லாம் உங்க முகவரிக்கு வர்ற மாதிரி ஒரு திசை திருப்பல் வெச்சுருங்க. இப்பவே.”

“மேடம்!” என்றான் மாதேஷ்.

“நீ சும்மா இரு. அகல்யா, நீ வெச்சுக் குடுக்கறியா?”

“ஏன், அவ எதுக்கு?” சுவாமிநாதன் எழுந்துவிட்டார். “ஆரையும் நம்பறதுக்கில்ல. தள்ளு அம்மிணி, நானே வெக்கறேன்.”

அகல்யா இடம் விட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ‘புதியது’ என்ற பொத்தான் பக்கத்தின் அடியில் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. மாதேஷே அதைத் தேடிக்கொண்டிருந்தான். அவர் தேடவில்லை. நேராக அங்கே போனார், அமுக்கினார். இரண்டு வெற்றுக் கட்டங்கள் திறந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொன்றின் தலையிலும் எறும்பு அளவு இங்கிலீஷ் எழுத்து. அதை அவர் பார்க்கவே இல்லை. மேல் கட்டத்தில் சரிதாவின் முகவரி. கீழ்க் கட்டத்தில் தன்னுடையது. ஒற்றை விரலால், நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டினார். நகல் டிக்கையும் மறக்காமல் போட்டார்.

“முடிஞ்சுது” என்று நிமிர்ந்தார். “இனி இவளுக்கு வர்றது பூரா எனக்கு வந்துரும்.”

“சரி பாத்துரலாம். மாதேஷ், சரிதா முகவரிக்கு ஒரு மெயில் போடு.”

போட்டான். சரிதாவின் கைப்பேசியில் அது வந்த சத்தம் கேட்டது; சுவாமிநாதனின் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. அகல்யா பக்கத்தைப் புதுப்பித்தாள். வரவில்லை. மறுபடி புதுப்பித்தாள்.

“செர்வர்காரன் ஏமாத்துக்காரன்” என்றார் சுவாமிநாதன். “இப்பிடித்தான். வெச்சா வேலையே செய்யாது.”

“அப்படிங்களா?” என்றாள் தமிழ்ச்செல்வி மெதுவாக. “மாதேஷ், இப்ப ஐயாவோட முகவரிக்கு ஒண்ணு போடு.”

அவனுக்கு விளங்கவில்லை. ‘வணக்கம்’ என்று ஒரே சொல் எழுதி அனுப்பினான்.

கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து மறுபடி டிங் என்று ஒரு சத்தம் வந்தது.

சரிதாவின் கைப்பேசி.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மாதேஷ் எழுந்து குண்டை நகர்த்தினான். திரையில், சுவாமிநாதனுக்கு அவன் அனுப்பிய ‘வணக்கம்’ சரிதாவின் ஆபீஸ் பெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது.

“தலைகீழா போயிருச்சு” என்றாள் அகல்யா. “அப்பா, உங்களுக்கு வர்ற மெயிலு சரிதாவுக்குப் போகுது!”

தமிழ்ச்செல்வி கொரியர் பார்சலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “ஐயா, இந்த ஸ்லிப்புல மேல் கட்டம், போய்ச் சேர வேண்டிய ஆளுக்கு. கீழ்க் கட்டம் அனுப்பறவங்களுக்கு. நீங்க படிச்ச மொறைப்படி அனுப்புநர் மேல, பெறுநர் கீழ எழுதிட்டீங்க. அதனால உங்க துண்டு உங்களுக்கே வந்துச்சு. கொரியர்காரர் மேல தப்பில்ல. இந்த செர்வர்லயும் அதே கதைதான். மேல் கட்டம், போய்ச் சேர வேண்டிய முகவரி. கீழ்க் கட்டம், யாருக்கு வர்றதைத் தள்ளணுமோ அந்த முகவரி. நீங்க தலைப்பைப் படிக்கல. கடுதாசி எழுதற கை, தானா எழுதிருச்சு.”

“சரீ, ஒரு தப்பு” என்றார் அவர் எரிச்சலாக. “இப்ப நான் மாத்தி எழுதினதுக்கும், இவ நம்ம மெயிலைத் திருடுனதுக்கும் என்னங்க சம்மந்தம்?”

“திருடணும்னு நெனச்சவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களும் உங்களை மாதிரியே தலைகீழா எழுதியிருந்தா? அந்தப் பழைய வரியைத் திருப்பிப் படிங்க. வெச்ச ஆள் நெனச்சது, ஒற்றை மயிலுக்கு வர்றது ரெட்டை மயிலுக்குப் போகணும்னு இல்ல. ரெட்டை மயிலுக்கு வர்றது ஒற்றை மயிலுக்கு வரணும்னு. பேரைத் தம்பிக்கு விட்டுக் குடுத்த ஒருத்தர், அந்தப் பேருக்கு வர்ற ஆர்டரை மட்டும் தனக்கு வெச்சுக்க ஆசைப்பட்டிருக்கார். அப்ப செர்வர் யார் கையில இருந்துச்சுன்னு அகல்யா காலைலயே சொல்லிட்டா.”

மாதேஷுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மறந்துபோன பாஸ்வேர்டு. தொலையாமல் தொலைந்த பட்டன் போன். ஒளிந்திருந்த பொத்தானுக்குத் தேடாமல் போன விரல்.

அகல்யா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சித்தப்பாவுக்கு வர்ற மெயிலை நீங்க எடுக்கப் பாத்தீங்களா?”

“அந்தப் பேரை வளத்தது நானு!” சுவாமிநாதனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “அவன் என்ன செஞ்சான்? ரெண்டு மயிலையும் தூக்கிட்டுப் போனான். ஏதோ ஒரு ஆத்தரத்துல வெச்சேன். ஆனா ஒண்ணுகூட வரலியே அம்மிணி! ஒரே ஒரு மெயிலு வந்துச்சா? நானும் தெனமும் பாத்து ஓஞ்சு போயி...”

அங்கேயே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

தறிக்கூடத்தில் ஏதோ ஒரு தறி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

“எப்படி வருங்க?” என்றான் மாதேஷ். இந்தத் தடவை அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. “உங்க தம்பி ஊட்டுக்குக் கன்னம் வெக்கப் போயி, உங்க ஊட்டுச் சுவத்தையே இடிச்சிருக்கீங்க.”

அகல்யா கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்து, இரண்டு அம்புக்குறிகளையும் அழித்தாள். ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்டது. நிச்சயம் என்று அமுக்கினாள். “வந்ததைச் சொல்லாம வெச்சுப் பொழச்ச சித்தப்பாகிட்ட நான் பாலம் தாண்டிப் போய்ப் பேசிக்கறேன்” என்றாள். இன்ஸ்பெக்டர் கவருக்குள் இருந்த புகாரை உருவி, இரண்டாகக் கிழித்தாள், நான்காகக் கிழித்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“சரிதா, உக்காரு.”

சரிதா உட்காரவில்லை.

“போவட்டும் புள்ள” என்றார் சுவாமிநாதன், மேசையைப் பார்த்துக்கொண்டு. “நாளையிலிருந்து வேலைக்கு வா. நடந்தது நடந்து போச்சு.”

“எப்படிங்க போவும்?” சரிதாவின் குரல் உயரவில்லை. “வேலையை விட்டு நிறுத்துனதா நோட்டீசு அனுப்புனீங்கல்ல? ஸ்பீடு போஸ்ட்ல. நாலு தெரு தள்ளி இருக்கற ஊட்டுக்கு. போஸ்ட்மேன் வாசல்ல நின்னு எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. எங்க மாமியாதான் கையெழுத்துப் போட்டு வாங்குச்சு. எதுத்த ஊட்டுப் புள்ளையக் கூப்பிட்டு, தெருவே கேக்கற மாதிரிப் படிக்கச் சொல்லுச்சு. ‘நம்பிக்கைத் துரோகம்’னு எழுதியிருந்தீங்க. அன்னிலிருந்து எங்கூட்டுல எனக்கு ஆரும் சோறு போடறதில்ல, நானேதான் போட்டுக்கறேன். இப்ப நான் போயி, தப்பு எம்மேல இல்லைன்னு வாயில சொன்னா ஆருங்க நம்புவா?”

“நான் வேணா வந்து சொல்லட்டுமா?” என்றார் சுவாமிநாதன்.

“வேண்டாமுங்க. நீங்க எழுதித் தாங்க. திருடுனது நானில்லைன்னு. ஆரு செஞ்சதுன்னும் எழுதோணும். அதே மாதிரி ஸ்பீடு போஸ்ட்ல, அதே போஸ்ட்மேன் கையில வரோணும். எங்க மாமியா கையெழுத்துப் போட்டு வாங்கோணும். எதுத்த ஊட்டுப் புள்ள படிக்கோணும்.”

சுவாமிநாதன் மகளைப் பார்த்தார். மகள் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பேனாவைத் திறந்தார். மேலே இடப்புறம் அனுப்புநர் என்று எழுதிக் கோடிட்டு, தன் பெயரை எழுதினார். அடியில் பெறுநர், திருமதி சரிதா அவர்கள். பிறகு பொருள் என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ‘என்னுடைய தவறு குறித்து’ என்று எழுதியபோது மட்டும் அந்த முத்து எழுத்து சற்றுக் கோணியது.

எழுதி முடித்ததை தமிழ்ச்செல்வி படித்தாள், அகல்யா படித்தாள், கடைசியில் சரிதா படித்தாள். ‘அவசரப்பட்டு’ என்று ஓரிடத்தில் இருந்ததை விரலால் காட்டி, “இது வேண்டாமுங்க. அவசரமில்ல, தெரிஞ்சே செஞ்சது” என்றாள். அவர் அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். அவளே தாளை மடித்துப் புதுக் கவரில் போட்டு, பசை தடவி, ஓரம் முழுக்கக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். ஒருமுறை அழுத்தியது போதாதென்று மறுபடியும் அழுத்தினாள்.

தபால் நிலையத்துக்கு மாதேஷ் கூடப் போனான். வெயிலில் நடக்கும்போது என்ன பேசுவதென்று தெரியாமல், “காலைல பஸ்ல வரும்போது உங்களைத்தான் நான் சந்தேகப்பட்டேனுங்க” என்றான்.

“தெரியுமுங்க. நீங்க உள்ள வந்ததும் எம் போனைத்தான் மொதல்ல பாத்தீங்க.”

மாதேஷ் நடையைத் தளர்த்தி, அவளை முன்னால் விட்டு நடந்தான்.

கவுன்டரில் இருந்த அம்மாள் கவரை வாங்கி எடை பார்த்தாள். முகவரியைக் கணினியில் ஏற்றினாள். அனுப்புபவர் யார் என்றாள்; சரிதா கம்பெனி பெயரைச் சொன்னாள். “பெறுபவர், திருமதி சரிதா. அவங்க போன் நம்பர் இருக்குதா?”

சரிதா எண்ணைச் சொன்னாள்.

“இந்த நம்பர்ல கூப்பிட்டா ஆரு பேசுவாங்க?”

“நாந்தானுங்க.”

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு வார கடுதாசியா? நீயே கையில கொண்டாந்து நீட்டற? பேசாம ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான கண்ணு?”

“இல்லீங்க” என்றாள் சரிதா. “தபால்லதான் வரோணும்.”

அந்த அம்மாள் தோளைக் குலுக்கிக்கொண்டு கவரில் பார்கோடு ஒட்டுத்தாளை ஒட்டி, ஓங்கி ஒரு முத்திரை குத்தி, பின்னால் திறந்திருந்த பையில் போட்டாள்.